குண்டூசி பேசுறேன்

மார்ச் 6

தம்பிக்கு,

போன் பண்ணாதே. உன் நம்பரை பிளாக் பண்ணிட்டேன். வேற நம்பர்லேருந்து வந்தாலும் எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா எழுது. உன் கோழிக்கிறுக்கலை எவனாலயும் போலி பண்ண முடியாது.

நடந்ததை, உனக்கு எதுவும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டே சொல்றேன். தெரியும்னா சிரிச்சுக்கோ. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில ஸ்கூல் பேன்ட்டுக்கு ஓரம் மடிச்சிட்டிருந்தேன். புது நம்பர்லேருந்து போன். நீதான் மாசத்துக்கு ஒரு போனை லிஃப்ட் பள்ளத்துல போட்டு உடைச்சிட்டு, கண்டவன் போனை வாங்கிக் கூப்பிடுறவனாச்சே, எடுத்தேன். ஒரே அழுகை. நீ சரி பண்ணின லிஃப்ட்ல ஒரு ஆளுக்கு அடிபட்டுடுச்சாம், ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்களாம், கேஸ் எழுதுறதுக்குள்ள பணம் அனுப்பணுமாம். உன் பழைய நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னுச்சு. என் சேமிப்பு அத்தனையும் துடைச்சு அனுப்பிட்டேன்.

மறுநாள் நீ சாவகாசமா போன் பண்ணி, "என்னக்கா, சமையல் ஆச்சா?"ன்னு கேக்குற. அப்ப ஸ்டேஷன்ல உக்காந்து அழுதது யாரு? பட்டுனு போனை வச்சிட்டேன்.

அன்னைக்கு அழுதவன் தன்னை குண்டூசின்னு சொன்னான்டா! சின்ன வயசுல குச்சி உடம்பும் பெரிய தலையுமா நீ திரிஞ்சதுக்கு அம்மா வச்ச பேரு. அதை வச்சு உன்னைக் கூப்பிட்டது அம்மாவும் நானும்தான். அம்மா போயாச்சு. வேற யாருக்குத் தெரியும்?

சைபர் போலீஸ்லேருந்து ஒரு அதிகாரி பேசினார். நான் இன்னும் புகார்கூடக் கொடுக்கல, பணம் போனதை யார்கிட்டயும் சொல்லவும் இல்ல, அவங்களாவே கண்டுபிடிச்சுக் கூப்பிட்டிருக்காங்க, பாரேன். "வீட்டுல ஒரு உள்ளாள் இல்லாம இது நடக்காதும்மா. தம்பி எப்படி?"ன்னு கேட்டார். "அப்படியா சார்?"னேன்.

யார்கிட்ட உளறின? இல்ல, நீயேவா?

அக்கா

மார்ச் 10

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மெஷின் ரூம்ல உக்காந்து படிச்சேன். கீழே ஆளுங்க "லிஃப்ட் என்னாச்சு"ன்னு கத்துறாங்க. லிஃப்ட் கிடக்கட்டும், என் மானம் போச்சேன்னு உக்காந்திருக்கேன்.

முதல்ல ஒண்ணு. நான் இல்ல. இதை நான் எழுதிக் கொடுக்க வேண்டிய நிலைமை வந்துச்சு பாரு, அதுக்கே ரெண்டு நாள் சோறு இறங்கல. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்கு அடியில பள்ளத்துல கிடந்தேன், அங்க சிக்னல் வராது. மேல வந்து போனைப் பார்க்கல. பார்த்திருந்தா உன் மிஸ்டு கால் தெரிஞ்சிருக்கும். அது என் தப்புதான், ஒத்துக்கிறேன்.

குண்டூசி விஷயம் எனக்கும் புரியல. டீ குடிக்கிறப்ப யார்கிட்டயாவது சொல்லித் தொலைச்சேனான்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு. கூட வேலை செய்யுறவனுங்க மூஞ்சியை எல்லாம் திருட்டு முழி இருக்கான்னு பார்க்குறேன். நேத்து எங்க சூப்பர்வைசர் "என்னப்பா, புது போன் வாங்கிட்டேன், பார்த்தியா?"ன்னு காட்டினார். காசு எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துடுச்சு. உன் சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கிச்சு.

ஆனா அக்கா, அந்த அதிகாரி யாரு? நீ புகாரே கொடுக்கலங்குற. பணம் போனதை வேற யார்கிட்டயும் சொல்லலங்குற. அப்புறம் அவருக்கு எப்படித் தெரியும்? போலீஸ் என்னைக்கு நம்மளைத் தேடி வந்து உதவி பண்ணியிருக்கு? நாம தேடிப் போனாலே "நாளைக்கு வா"ம்பாங்க. உன் கடைக்குப் பின்தெருவுல ஸ்டேஷன் இருக்கு. செருப்பை மாட்டிட்டு நடந்து போய், இப்படி ஒருத்தர் இருக்காரான்னு கேளு. வேற எதுவும் வேண்டாம்.

தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

அவரைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே. "சாப்பிட்டீங்களாம்மா"ன்னு கேட்டுட்டுத்தான் விஷயத்துக்கே வருவார். கூடப் பொறந்த நீ என்னைக்கு அப்படிக் கேட்டிருக்க? "சமையல் ஆச்சா"ன்னு கேப்ப, அதுவும் நீ பசியோட இருக்கிறப்பதான்.

எந்த பேங்க்ல, எந்தக் கணக்குலேருந்து, எவ்வளவு போச்சுன்னு அவர் புட்டுப் புட்டு வைக்கிறார். போலீஸ் இல்லாம இது யாருக்குத் தெரியும்? பின்தெரு ஸ்டேஷனுக்குப் போகக் கூடாதாம். அங்கேயே அந்தக் கும்பலுக்கு ஆள் இருக்காம். போன்ல யார்கிட்டயும் இதைப் பேசக் கூடாதாம், ஒட்டுக் கேட்டுட்டிருக்காங்களாம். நான் உனக்குக் கடிதம் எழுதுறது அவருக்குத் தெரியாது. அவர் போன்னுதானே சொன்னார், கடிதத்தைப் பத்தி எதுவும் சொல்லல.

பணத்தைப் பிடிச்சிட்டாங்களாம். அதை விடுவிக்க கோர்ட்டுல ஜாமீன் தொகை கட்டணும். 28ஆம் தேதி வெள்ளிக்கிழமைதான் கடைசி. மொத்தமும் திரும்பி வந்துடுமாம். என்கிட்ட ஏது? ரெடிமேட் கடைக்காரர் ரொம்ப நாளா என் கடையை மிஷினோட கேட்டுட்டிருக்கார், தெரியுமில்ல. கொடுத்துடுறேன்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில பணம் தர்றார். திட்டாதே. பணம் வந்ததும் வேற இடத்துல கடை போட்டுக்குவேன். முடியலன்னா யார் கடையிலயாவது உக்காந்து தைக்கிறேன், கை இருக்கு.

கைதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. நேத்து ஒரு பேன்ட்டுக்கு ஜிப்பைத் தலைகீழா வச்சுத் தச்சிட்டேன். பிரிச்சு மறுபடி தச்சேன், மறுபடியும் தலைகீழ். வாசல்ல நிழல் ஆடினா ஊசியைக் கீழ போட்டுடுறேன். பூட்டின பூட்டை இழுத்துப் பார்த்துட்டுப் படி இறங்கினா, பூட்டினேனான்னு மறுபடி ஏறுறேன்.

இன்னொண்ணும் அவர் சொன்னார். "உங்க தம்பி நேர்ல வருவான். வாசல்ல நின்னு அழுவான். திறந்துடாதீங்க, திறந்தா கேஸ் போச்சு"ன்னார். அதனால வராதே. வந்து என்னைச் சோதிக்காதே.

அக்கா

மார்ச் 17

அக்காவுக்கு,

இதை உன் ஊர் ரயில்வே ஸ்டேஷன்ல, பிளாட்பாரத்துல உக்காந்து எழுதுறேன். வண்டி வர நேரமாகும்.

உன் அதிகாரி சொன்னது பலிச்சிடுச்சு. வந்தேன். வாசல்ல நின்னு அழுதேன். பெரிய ஜோசியக்காரன்தான்! ஏன்க்கா, அக்கா கடையை வித்து எவன்கிட்டயோ கொடுக்கப் போறான்னா எந்தத் தம்பி வராம இருப்பான்? வந்தவன் முகத்துக்கு எதிரே ஷட்டரை இறக்கினா எவன் அழாம இருப்பான்? இதைச் சொல்ல போலீஸ் எதுக்கு?

ஷட்டருக்கு அடியில உன் செருப்பு தெரிஞ்சுது. அங்கேயேதான் நின்ன. நான் கூப்பிடக் கூப்பிட ஒரு அடி முன்னாடி வந்துச்சு, அப்புறம் பின்னாடி போயிடுச்சு. எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் வந்து எனக்குத் தண்ணி கொடுத்தார். "உங்க அக்கா போன்ல பேசினது காதுல விழுந்து நானும் சொல்லிப் பார்த்தேன் தம்பி, நீயும் அந்தக் கூட்டமான்னு கேட்டுட்டாங்க"ன்னார். பாவம், அந்த மனுஷனுக்கு முகமே செத்துப் போச்சு.

பின்தெரு ஸ்டேஷனுக்கு நான் போனேன். அப்படி ஒரு அதிகாரி எங்கேயும் இல்லைங்குறாங்க. ஆனா பணம் போனவங்க வந்து எழுதிக் கொடுக்கணுமாம், நான் கொடுத்தா வாங்க மாட்டாங்களாம். "தம்பின்னு சொல்றீங்க, அதுக்கு என்ன ஆதாரம்?"னு கேட்டாங்க. எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. அக்காவே கேக்குறப்ப அவங்க கேக்குறதுல என்ன தப்பு.

எனக்குக் கோவம் கோவமா வருது. அளவை எழுதிக் கொடுத்து அனுப்பினா நீ தைக்கவே மாட்டே. "ஆள் வந்து நிக்கணும்"னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்க! அரை விரல்கடை துணிக்கு அவ்வளவு பார்க்குறவ, முகமே பார்க்காத ஒருத்தனுக்குக் கடையைத் தூக்கிக் கொடுக்குற. நேர்ல வந்து நின்ன என்னைத்தான் நம்ப மாட்டேங்குற.

சரி, என்னை நம்ப வேண்டாம். ஒண்ணே ஒண்ணு செய். அன்னைக்கு போன்ல அழுதவன் பேசினதை ஆரம்பத்துலேருந்து எழுது. அவன் சொன்னது, நீ சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை, வரிசை மாறாம. உனக்குத்தான் யார் என்ன சொன்னாலும் பத்து வருஷத்துக்கு மறக்காதே, சண்டை போடுறப்ப பார்த்திருக்கேன். எழுதி அனுப்பு. அதைப் படிச்சும் நான்தான்னு தோணுச்சுன்னா, இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

எழுதுறேன். உன் மூஞ்சியில எறியணும்னே எழுதுறேன். ஒரு வார்த்தை விடல.

போனை எடுத்ததும் அழுகை. "அக்கா... அக்கா... நான்தான்கா"ன்னான்.

"யாருப்பா?"ன்னேன்.

"என்னைத் தெரியலையாக்கா? என் குரலே மறந்து போச்சா?"ன்னான்.

"டேய் குண்டூசி! நீயாடா?"ன்னேன்.

"ஆமாக்கா, குண்டூசி பேசுறேன்"னான்.

"ஏன்டா அழுற? குரல் ஏன் கட்டிப் போயிருக்கு?"

"அழுது அழுது கட்டிடுச்சுக்கா. ஒரு பெரிய தப்பு நடந்து போச்சு."

"என்னடா, லிஃப்ட்ல ஏதாவது ஆயிடுச்சா?"

"ஆமாக்கா. லிஃப்ட்தான்."

"ஐயையோ! யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

"ஆமாக்கா, ஒரு ஆளுக்கு..."

இவ்வளவு எழுதிட்டு டீ போடப் போயிட்டேன். வந்து எங்க விட்டேன்னு பார்க்க மேலேருந்து படிச்சேன். டீ ஆறிப் போச்சு, ஆடை கட்டிடுச்சு, நான் இன்னும் இந்தக் காகிதத்தையே பார்த்துட்டிருக்கேன்.

அவன் ஒண்ணுமே சொல்லலடா. எல்லாத்தையும் நான்தான் சொல்லியிருக்கேன். பேரை நான் சொன்னேன், லிஃப்ட்டை நான் சொன்னேன், அடிபட்டதையும் நானே சொல்லிட்டேன். அவன் "ஆமாக்கா, ஆமாக்கா"ன்னு வாங்கி வாங்கி எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கான். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டதுன்னா இதுதான். உள்ளாள் உள்ளாள்னு தேடினேனே, உள்ள இருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான்.

இது புரிஞ்சதும் நிம்மதி வரணுமில்ல? வரல. இன்னும் பயம்தான் ஜாஸ்தியாச்சு. என் வாயையே நம்ப முடியலன்னா நான் யாரை நம்புறது?

ஆனா அதிகாரி விஷயம் வேறடா. அவர்கிட்ட நான் எதையும் எடுத்துக் கொடுக்கல. பணம் எவ்வளவுன்னு அவர்தான் முதல்ல சொன்னார். உன்னைச் சந்தேகப்பட்டதுல அவர் தப்புக் கணக்குப் போட்டிருக்கலாம், போலீஸ்னா எல்லாரையும் சந்தேகப்படத்தானே செய்வாங்க. பணத்தை விடுவிச்சுக் கொடுத்துட்டார்னா போதும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. ரெடிமேட் கடைக்காரர் வந்து மிஷினை எல்லாம் ஓட்டிப் பார்த்துட்டுப் போனார். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின்ல அவர் கை பட்டப்ப எனக்கு என்னமோ பண்ணுச்சு.

அக்கா

மார்ச் 24

அக்காவுக்கு,

ஸ்பீடு போஸ்ட்ல போடுறேன், வளவளன்னு எழுத நேரமில்ல.

எவ்வளவு போச்சுன்னு உனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்? எடுத்தவனுக்குத் தெரியும்! அதனாலதான் முதல்ல சொல்ல முடிஞ்சுது. அழுதவன் ஒரு அறையில உக்காந்திருக்கான்னா, உன் அதிகாரி அதே அறையில பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கான். ஒருதரம் கொடுத்த கை மறுபடியும் கொடுக்கும்னு அவனுங்களுக்குத் தெரியும். நடுவுல நான் வந்து கெடுத்துடக் கூடாதுன்னுதான் என்னை முதல்ல வெட்டி விட்டானுங்க.

நான் சொல்றதை நம்புன்னு இனிமே கெஞ்ச மாட்டேன். நீயே பாரு. அவனுக்கு அளவைத் தப்பாக் கொடுத்துப் பாரு. உண்மையான ஆளா இருந்தா "இடிக்குதே, திரும்ப அளக்கணுமே"ம்பான். இல்லன்னா நீ கொடுத்த அளவுக்கு அப்படியே வெட்டுவான்.

எப்படின்னு நீ யோசி. பொய் சொல்றதுல உன்னை மிஞ்ச ஆள் இருக்கா? நான் எட்டாவதுல பெயிலானதை அம்மாகிட்ட ஒரு வருஷம் மறைச்சவ நீ.

வெள்ளிக்கிழமைக்குள்ள, அக்கா. தயவுசெஞ்சு.

தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

கடையைக் கொடுக்கல. முதல்ல அதைத் தெரிஞ்சுக்கோ, அப்புறம் மிச்சத்தைப் படி.

உன் கடிதம் நேத்து காலையில வந்துச்சு. படிச்சுட்டு உன்னை நாலு திட்டு திட்டினேன். கொஞ்ச நேரத்துல அவர் போன். "சாப்பிட்டீங்களாம்மா? நாளன்னைக்குப் பணம் தயாரா?"ன்னார். என்ன சொல்றதுன்னு யோசிக்கவே இல்ல, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சார், மனசு கேக்கல. என் தம்பி வெகுளி சார். எனக்கு என்னமோ எங்க அண்ணன் மேலதான் சந்தேகமா இருக்கு"ன்னேன்.

நமக்கு ஏதுடா அண்ணன்? நான்தானே மூத்தவ. தப்புன்னு சொல்லிடுவார், திட்டிடுவார்னு காத்துட்டிருந்தேன். அப்ப காகிதம் புரட்டுற மாதிரி சத்தம் கேட்டுச்சு.

"அம்மா, உங்க மனசு தாங்காதேன்னுதான் இத்தனை நாளா மறைச்சேன். நீங்களே சொல்லிட்டீங்க. உங்க அண்ணன்தான். அவர் அந்தக் கும்பலோட பேசின ரெக்கார்டு எங்ககிட்ட இருக்கு"ன்னார்.

அத்தோட நான் போனை வச்சிருக்கணும், இல்லையா? வைக்கல. எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம்! "எங்க அண்ணனைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"னு ஆரம்பிச்சேன். அவனும் விடல. "உங்களுக்குத் தெரியாதும்மா, அவருக்குக் குடிப்பழக்கம் இருக்கு, வெளியில கடன் இருக்கு"ங்குறான். "எங்க அண்ணன் அடுத்தவன் வீட்டுல தண்ணிகூடக் கேட்டுத்தான் குடிப்பாரு! இன்னொரு வார்த்தை அவரைத் தப்பாப் பேசினா நாக்கை இழுத்து வச்சுத் தச்சிடுவேன்"னு கத்தினேன். ஜெராக்ஸ்காரர் ஓடி வந்துட்டார். அவர் வந்து நின்னப்புறமும் நான் விடல. எதிர்ப்பக்கம் போனை வச்சிட்டு ஓடினதுகூடத் தெரியாம பேசிட்டே இருந்திருக்கேன்.

அப்புறம் ஜெராக்ஸ்காரர் கூட வர, பின்தெரு ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதி வாங்கிக்கிட்டாங்க. போன பணம் வரலாம், வராமலும் போகலாம்னு சொன்னாங்க. வராதுன்னே வச்சுக்கிட்டேன். ரெடிமேட் கடைக்காரர்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன். அவர் முணுமுணுத்துட்டுப் போனார். ஜெராக்ஸ்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா"ன்னார். எல்லாம் ஆச்சு.

கடைக்கு வந்து சிரிச்சேன்டா. தனியா உக்காந்து, வயித்தைப் பிடிச்சிட்டு, பொறக்கவே பொறக்காத அண்ணனுக்கு இப்படி வக்காலத்து வாங்கினோமேன்னு சிரிச்சேன். சிரிச்சிட்டே இருக்கிறப்ப நடுவுல நின்னு போச்சு.

இல்லாத ஒருத்தனைத் தப்பாச் சொன்னதும் எனக்கு அவ்வளவு ரோஷம் வந்துச்சு. அதே வாய், அதே போன், அதே ஆள். தம்பி எப்படின்னு அவன் கேட்டப்ப, நான் தூக்கி வளர்த்த உன்னைப் பத்தி, எனக்கு ஒரு வார்த்தை வரல. "அப்படியா சார்?"னு கேட்டேன். அதை நானே உனக்கு எழுதி வேற அனுப்பியிருக்கேன். நீ அதைப் படிச்சிட்டு, ரயில் ஏறி வந்து, வாசல்ல நின்னு, திரும்பிப் போய், அதுக்கப்புறமும் எனக்காக ஸ்பீடு போஸ்ட்டுக்குக் காசு கட்டியிருக்க. பணம் போனதுக்குக்கூட நான் இப்படி அழல.

இன்னும் பயம் போகல. இதை எழுதுறப்பகூட போன் அடிச்சுது, எடுக்கல. கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருப்பேன்னு நினைக்கிறேன்.

நீ என்னைத் திட்டணும். நல்லாத் திட்டணும், பாக்கி வைக்காம. ஆனா போன்ல வேண்டாம். எழுதியும் அனுப்பாதே. வந்து திட்டு.

அக்கா